ஒரு வண்டியும் வராத ரோடு

ரூட்டுக்காரி ஒரு ரோட்டை நல்ல ரோடு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வெறும் வாய்ச்சொல் இல்லை அது. மடக்கு ஸ்டூல் ஒன்று வைத்திருந்தாள். அதை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய் ரோடு பிரிகிற முக்கில் போட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவாள். வண்டி போகப் போக நோட்டில் ஒவ்வொரு கோடாகப் போடுவாள். மூன்று கோட்டுக்கு மேல் விழுந்தால் அந்த ரோடு அவளுடைய வரைபடத்தில் ஏறாது. தேறினாலும் விடமாட்டாள், இன்னொரு நாளும் போய் உட்காருவாள். வெயில், காற்று, நாய் எதுவும் அவளை அங்கிருந்து எழுப்ப முடியாது. முதலில் பைத்தியம் என்று சொன்ன ஜனங்கள் பிறகு ரூட்டுக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

தட்டையான ஊர். மேடு என்று ஒன்று வேண்டுமென்றால் பாலத்தில்தான் ஏற வேண்டும். கால்வாய்களும் கால்வாய்க்குப் பக்கத்திலேயே சரளை ரோடுகளுமாக, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் அதே கதைதான். சனி ஞாயிறில் நகரத்திலிருந்து தடித்த டயர் சைக்கிளோடு ஆட்கள் வந்து இறங்குவார்கள். தார் ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டி அலுத்துப்போனவர்கள். மாடியில் இரண்டு அறையை அவர்களுக்கு வாடகைக்கு விட்டு, கீழே கடையில் பங்க்சர் ஒட்டி, வரைபடம் கொடுத்து அனுப்புவது அவள் வேலை. அவள் புருஷன் கால்வாய் இலாகாவில் கிரேடர் ஓட்டினான். மழையில் குழி விழுந்த சரளை ரோட்டை அந்த இயந்திரத்தின் நீளமான இரும்புப் பலகையால் வழித்து சமன் பண்ணுகிற வேலை. புருஷன் ரோட்டைச் சீவி விடுகிறான், பெண்டாட்டி அதற்குப் பொட்டு வைத்து ஊருக்குக் காட்டுகிறாள் என்று தெருவில் கேலி உண்டு.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். கிரேடர்காரனின் தங்கை, ரூட்டுக்காரிக்கு நாத்தனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தார் ரோட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை ஒரு லாரி பின்னாலிருந்து அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. இடுப்பெலும்பு போயிற்று, இடது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். ஆறு மாதம் படுக்கை. எலும்பு என்னவோ சேர்ந்துவிட்டது. ஆனால் பெரிய வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். வாசலைத் தாண்டி சைக்கிள் ஏறவில்லை. வீட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஹேண்டில்பாரில் மாட்டும் பை தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை பார்த்தது விதைக் கிடங்கில். தரம் பிரித்துப் பொட்டலம் போடும் வேலை. அங்கே இருந்த மேற்பார்வைக்காரி நல்லவள், இத்தனை நாள் இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள். இனிமேல் முடியாது, இந்த வாரத்துக்குள் வருகிறாளா இல்லையா என்று சொல்லிவிடச் சொன்னாள். கிடங்குக்கு பஸ் கிடையாது. சைக்கிள் ஒன்றுதான் வழி. தார் ரோட்டைத் தொடாமல் போக வேண்டுமென்றால் கிழக்குக் கால்வாய் ரோடு இருக்கிறது, ஆனால் அது குழியும் குண்டுமாகக் கிடந்தது. வருஷக்கணக்கில் யாரும் அதைச் சீண்டவில்லை.

அப்படியிருக்க, போன புதன்கிழமை கிரேடர்காரன் வீட்டுக்கு வந்து, கிழக்குக் கால்வாய் ரோட்டை இன்றைக்குத்தான் முடித்தேன், பதினாலு கிலோமீட்டரும் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன் என்றான். தங்கைக்கென்றே கடவுள் உத்தரவு போட்ட மாதிரி இருந்தது. வியாழனும் சனியும் ரூட்டுக்காரி ஸ்டூலோடு போய் உட்கார்ந்தாள். வியாழன் ஒரு பால் வண்டி. சனி அதுவும் இல்லை. "ஒரு வண்டியும் வராது. நான் சொல்றேன், நம்பிப் போ," என்று நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி அண்ணி என்றாள்.

திங்கட்கிழமை காலை ரொட்டியும் முட்டையும் தட்டில் அப்படியே இருந்தன. நாத்தனார் டீயை மட்டும் குடித்தாள், அதுவும் பாதி. ரூட்டுக்காரி டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, சரளையில் வழுக்காது பார் என்று அமுக்கிக் காட்டினாள். கூட வரட்டுமா என்று கேட்டதற்கு நாத்தனார் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். தினமும் யார் கூட வருவார்கள் என்று அவள் கேட்டதும் நியாயம்தான். எட்டரைக்குக் கிளம்பினாள். தெருமுனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனவள், அங்கே ஏறி உட்கார்ந்தாள்.

ஒன்பதரை மணி இருக்கும். ஒரு தண்ணீர் டேங்கர் வந்து கடை வாசலில் நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவன் வெளியூர் ஆள். ரோடு எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும் என்றார்கள், கிழக்குக் கால்வாய் ரோட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டான். அவள் வழக்கம்போல் கையை நீட்டி, மதகு தாண்டி வலது பக்கம் என்று வழி சொன்னாள். பாதி சொல்லும்போதே நாக்கு நின்றது.

"அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"தண்ணி தெளிக்கணும். அந்தக் கோடியில புதுசா மண் எடுக்கறாங்கல்ல, இன்னைலேருந்து லாரி ஓடுது. விடியக்காலையில மூணு வண்டி விட்டுப் பார்த்தாங்களாம், ஒரே தூசியாம். அதான் என்னை அனுப்பிட்டாங்க. ஒன்பது மணிக்கு மேல வரிசையா விடறாங்க."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரோட்டை எதற்குச் சீவினார்கள்? மூன்று வருஷமாகத் திரும்பிப் பார்க்காத ரோட்டை யார் மெனக்கெட்டு டீசல் செலவழித்து சமன் பண்ணுவார்கள்? வண்டி விடப்போகிறவன்தான் பண்ணுவான். இது குழந்தைக்குக்கூடத் தெரியுமே. சீவியவன் அதே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான், கோடு போட்டவள் அவன் பக்கத்திலேயே படுத்தாள், இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. ரோடு நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாசமாய்ப் போக.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. ஓட்டும்போது நாத்தனார் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கமாட்டாள், அது தெரிந்ததுதான், அதனால் எடுக்கவில்லை என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது தடவை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. டேங்கரில் ஏறிப் போய்விடலாமென்றால் அவன் இன்னும் தண்ணீரே பிடிக்கவில்லை, அரை மணி ஆகும் என்றான். வீட்டில் இருந்த ஒரே மோட்டார் வண்டியைப் புருஷன் எடுத்துக்கொண்டு போயிருந்தான். அவனுக்குப் போட்டாள், அவனும் எடுக்கவில்லை. கடையைப் பூட்டக்கூட நிற்காமல் தன் சைக்கிளை எடுத்தாள்.

மதகுக்குப் போக ஐந்து கிலோமீட்டர். எப்படிப் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மதகு தாண்டி சரளையில் திரும்பும்போது புருஷன் திருப்பிக் கூப்பிட்டான். கிரேடர் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லையாம். நின்று, மூச்சு வாங்க, விஷயத்தைச் சொன்னாள்.

"அந்த ரோட்டை எதுக்கு சமன் பண்ணச் சொன்னாங்கன்னு கேட்டீங்களா?"

அந்தப் பக்கம் அவன் இயந்திரத்தை அணைத்தான்.

"கேக்கலை," என்றான்.

"நானும் கேக்கலை."

நான் இதோ கிளம்பறேன் என்றான். அவன் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தான். அவள் போனைப் பையில் போட்டுவிட்டு மிதித்தாள்.

சரளையில் தடம் தெளிவாகத் தெரிந்தது. விடியற்காலை போன மூன்று லாரிகளின் இரட்டை டயர் அகலமாக அழுத்தியிருந்தது. அதன் மேல், ஓரமாக, ஒரு சைக்கிள் தடம். அவள் ஒரு நிமிஷம் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். லாரித் தடத்தின் மேல் சைக்கிள் தடம் என்றால், நாத்தனார் இதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டும் போயிருக்கிறாள்.

காற்று எதிர்க்காற்று. தட்டையான ஊரில் அதுதான் மேடு. ஒரு பக்கம் கால்வாயில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது, மறுபக்கம் ஆள் உயரப் பள்ளம், அதற்கப்பால் வயல். நடுவில் ஒரே ஒரு லாரி அகலத்துக்கு ரோடு. ஒதுங்கவேண்டுமென்றால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு முறை கொஞ்சம் அகலமாக விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். முதலாவது அகலமான இடத்தைத் தாண்டினாள். லாரி வந்தால் இங்கே வந்து ஒதுங்கியிருக்கலாமே என்று பார்த்தாள். யாரும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. மணி பத்தேகால். ஒன்பது மணியிலிருந்து வரிசையாக லாரி விடுகிறார்கள் என்றானே. மதகிலிருந்து இத்தனை தூரம் வந்தாயிற்று, எதிரே ஒரு லாரிகூட வரவில்லை. தூசி இல்லை. சத்தம் இல்லை. தண்ணீர் ஓடுகிற சத்தமும் தன் டயருக்கடியில் கல் நெரிகிற சத்தமும்தான். எந்த அமைதியைத் தேடித் தேடி அவள் நோட்டில் எழுதினாளோ அந்த அமைதி. ஒரு லாரியாவது வரட்டும், ஒன்றே ஒன்று வரட்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். லாரி நின்றுவிட்டதென்றால் எதனாலோ நின்றிருக்கிறது. அது எதனால் என்று நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

இரண்டாவது அகலமான இடத்தையும் தாண்டினாள். கொஞ்ச தூரத்தில் தெரிந்துவிட்டது. மறைக்க மரம் மட்டையில்லாத ஊர். ரோட்டின் மேல் கறுப்பாக ஒன்றன் பின் ஒன்றாக லாரிகள் நின்றன. ஆட்கள் இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். ஆட்கள் இறங்கி நிற்கிறார்கள் என்றால்... அவள் அழுதுகொண்டே மிதித்தாள். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. கிட்டே போகப் போக லாரிகளுக்கு முன்னால் ஒல்லியாக ஒன்று தெரிந்தது. கம்பமா, ஆளா? ஆள்தான். நின்றுகொண்டிருந்த ஆள்.

நாத்தனார் ரோட்டின் நடுவில் சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே பத்தடியில் முதல் லாரி. அதற்குப் பின்னால் எண்ணி எட்டு. எல்லாம் என்ஜின் அணைத்திருந்தன. யாரும் யாரையும் மறித்துச் சண்டை போடவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அவளுடைய கால்கள் அங்கேயே நின்றுவிட்டன, அவ்வளவுதான். பிடித்த பிடியில் விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

முதல் லாரிக்காரர், ஐம்பது வயசுக்காரர், சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு பம்பரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரமாக இப்படித்தான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். முதலில் ஹாரன் அடித்தாராம், அப்புறம் இறங்கி வந்து சத்தம் போட்டாராம். கிட்டே வந்து முகத்தைப் பார்த்த பிறகு பின்னால் இருந்த எல்லாரையும் என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டார். சைக்கிளை மேலே போட்டுக்கொண்டு வண்டியில் ஏறும்மா, கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாளாம். ஓரமாக நில், தாண்டிப் போகிறேன் என்று சொல்ல அவருக்கே மனசு வரவில்லை. லாரிக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும்.

ரூட்டுக்காரி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவளிடம் போனாள். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"ஒரு வண்டியும் வராதுன்னு சொன்னீங்க," என்றாள் நாத்தனார். கண் லாரியை விட்டு அகலவில்லை.

"சொன்னேன்."

"ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன்னு சொன்னீங்க."

"பார்த்தேன். தப்பாப் பார்த்துட்டேன். சும்மா கிடந்த ரோட்டை இப்ப எதுக்கு சமன் பண்றாங்கன்னு கேட்டிருக்கணும். எனக்கும் தோணலை, உன் அண்ணனுக்கும் தோணலை."

"எனக்குத் தோணுச்சு அண்ணி."

ரூட்டுக்காரி திரும்பி ரோட்டில் கிடந்த தடத்தைப் பார்த்தாள்.

"மதகுகிட்ட தடத்தைப் பார்த்ததுமே தோணுச்சு. திரும்பிடலாம்னு இறங்கிட்டேன். அப்புறம், அண்ணி சொன்னாங்களே, அவங்க சொன்னா தப்பா இருக்காதேன்னு ஏறினேன்."

அறைந்திருந்தால்கூட இந்த வலி வலித்திருக்காது. ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தாள், மன்னிச்சுக்கோ என்ற ஒரு வார்த்தைதான் வந்தது, அதுவும் பாதி காற்றாக வந்தது. லாரிக்காரர் எழுந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து அவர்தான் யோசனை சொன்னார். ஒன்பது வண்டியை ரிவர்ஸ் எடுப்பது ஆகாத காரியம். இவர்கள் வந்த வழியிலேயே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி அகலமான இடம் இருக்கிறது. இந்தப் பெண் திரும்பி முன்னால் போகட்டும், அங்கே ஒதுங்கிக்கொள்ளட்டும், வண்டிகள் தாண்டிப் போய்விடும்.

"நாங்க இங்கயே நிக்கறோம். நீங்க போய்ச் சேர்ந்த பிறகு வர்றோம்," என்றார்.

நாத்தனார் முதல் முறையாக அவரைப் பார்த்தாள். "நிக்கறேன்னு சொல்லுவீங்க. பின்னாடி பார்க்காம எனக்கு எப்படித் தெரியும்?"

ரூட்டுக்காரி, நான் உனக்கும் லாரிக்கும் நடுவில் வருகிறேன், எனக்கு ஆனாலும் ஆகட்டும், உனக்கு ஒன்றும் ஆகாது என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

"வேணாம். நீங்க லாரில ஏறுங்க."

"லாரிலயா?"

"அவர் பக்கத்துல உட்காருங்க. என்னைப் பார்த்துக்கிட்டே வாங்க." மோவாயால் லாரியைக் காட்டினாள். "அன்னைக்கு என்னை யாரும் பார்க்கலை அண்ணி. அதான் நடந்தது. வண்டி நிக்க வேணாம், பின்னாடியே வரட்டும். ஆனா கண்ணை எடுக்காம ஒரு ஆள் பார்த்துக்கிட்டே வரணும்."

சைக்கிளைத் திருப்ப அவளுக்கு வெகு நேரம் ஆனது. முன் சக்கரத்தைக் கொஞ்சம், பின் சக்கரத்தைக் கொஞ்சம் என்று தூக்கித் தூக்கி வைத்தாள். யாரும் உதவிக்குப் போகவில்லை, போகக்கூடாது என்று எல்லாருக்கும் புரிந்திருந்தது. லாரிக்கு முதுகைக் காட்டி நின்றதும் அவளுடைய சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. வேர்வையில் நனைந்து போயிருந்தது.

ரூட்டுக்காரியின் சைக்கிளை லாரியில் ஏற்றியிருந்த மண்மேல் தூக்கிப் போட்டார்கள். அவள் கதவைப் பிடித்துத் தொங்கி ஏறினாள். ஜென்மத்தில் லாரியில் ஏறினதில்லை. மேலேயிருந்து பார்த்தால் ரோடு ஒரு முழ அகலம் மாதிரி இருந்தது, அதில் நாத்தனார் இத்தனூண்டு. லாரிக்காரர் பின்னால் எட்டிப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். ஒவ்வொன்றாக என்ஜின்கள் உறுமின. முதல் உறுமலுக்கு நாத்தனாரின் தோள் காதுவரைக்கும் ஏறியது. சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது. கால் ஊன்றினாள். மறுபடி ஏறினாள்.

"முப்பதடி தள்ளியே வாங்க," என்றாள் ரூட்டுக்காரி.

"நாப்பதே வரேன். ரொம்பக் கிட்ட வந்தா மூக்குக்குக் கீழ என்ன இருக்குன்னு இங்கேருந்து தெரியாதும்மா," என்றார் அவர்.

முதல் கியரில் லாரி ஊர்ந்தது. ரூட்டுக்காரியின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது, அங்கே பிரேக் இல்லை என்று தெரிந்தும். கண் எரிந்தது, இமைக்கப் பயந்தாள். நாத்தனார் நேராக ஓட்டினாள், பிறகு சரளை குவிந்த இடத்தில் தடுமாறினாள், பிறகு நேராக ஓட்டினாள். பக்கத்தில் லாரிக்காரர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகியது. இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன், சாமி சத்தியமாக இந்த மாதிரி பயந்து ஓட்டினதில்லை என்றார். பிறகு, என்ன ஆச்சு அந்தப் பொண்ணுக்கு என்று கேட்டார். ரூட்டுக்காரி கண்ணை எடுக்காமலே இரண்டு வருஷத்துக் கதையை நாலு வரியில் சொன்னாள்.

அகலமான இடம் வந்தது. இருநூறு அடிக்கு இரண்டு லாரி அகலம். நாத்தனார் ஓரத்துக்குப் போனாள். இறங்குவாள், இறங்கிவிடுவாள், அப்பாடா என்று ரூட்டுக்காரி மூச்சை விட்டாள். அவள் இறங்கவில்லை. ஓரத்தைப் பிடித்தபடியே மிதித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வலது கையை எடுத்து வெளியே நீட்டினாள். முன்னால் போ என்று அந்தக் கை அசைந்தது. ஹேண்டில்பார் தகடு வைத்த கையில் மட்டும் இருந்தது.

"தாண்டிப் போகச் சொல்றாங்களா?" லாரிக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. "நிக்காம ஓட்டிக்கிட்டே சொல்றாங்களே. சரளைம்மா, கொஞ்சம் வழுக்கினா என் சக்கரம்தான். போகவா? நீங்க சொல்லுங்க."

எத்தனையோ பேருக்கு, போங்க, தைரியமா போங்க, நான் சொல்றேன் என்று சொன்ன வாய் அது. இப்போது ஒட்டிக்கொண்டது. கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. இடம் முடிய நூற்றைம்பது அடிகூட இல்லை.

"எனக்குத் தெரியலைங்க," என்றாள். "ஆனா அவளுக்குத் தெரியும். போங்க."

லாரி வெளிப் பக்கமாக விலகி முன்னேறியது. ஜன்னலுக்குக் கீழே நாத்தனாரின் தலை வந்தது, நீட்டிய கை வந்தது, முன் சக்கரம் வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னாலிருந்த கல்லையே பார்த்து மிதித்தாள். லாரியின் பின் சக்கரம் எழுப்பிய தூசியில் எல்லாம் மறைந்தது.

"கண்ணாடியைப் பாரும்மா. இருக்காங்களா?" என்றார் லாரிக்காரர்.

ரூட்டுக்காரி ஜன்னலில் தொங்கிக் கண்ணாடியைப் பார்த்தாள். தூசிதான் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசு தன்னால் எண்ணியது. ஐந்து வரைக்கும் தூசிதான்.

பிறகு தெரிந்தது. சைக்கிள் நேராக வந்துகொண்டிருந்தது. கை நீண்டபடியே இருந்தது. அது இப்போது இரண்டாவது லாரியைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தது.